வெயிலின் விலை

வெயில் இலவசம் என்பது உண்மை. இப்போது அது ஒரு நியாயமாகவும் சொல்லப்படுகிறது: எரிபொருள் இலவசம், புகை இல்லை, எனவே இந்த மின்சாரத்தின்மேல் கேள்வி கிடையாது. இந்த ‘எனவே’தான் எனக்குச் சந்தேகமாயிருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே 2016-இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை நிறுவியது. சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் பலகைகள். அவற்றின் சிலிக்கன் தகட்டில் விழும் ஒளி எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. தகட்டினுள்ளேயே அமைந்திருக்கும் மின்புலம் அவற்றை ஒரு திசையில் தள்ள, நேர்மின்னோட்டம் பிறக்கிறது. இன்வெர்ட்டர் அதை மாறுமின்னோட்டமாக்கிக் கம்பிக்கு அனுப்புகிறது. எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை.

எரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் யூனிட்டுக்கு விலை எப்படி உண்டாகிறது? கடன் லெட்ஜரோடு பழகியவனுக்கு விடை எளிது. செலவில் பெரும்பகுதி, விளக்கு எரிவதற்கு முன்பே செய்தாகிவிடுகிறது. பிறகு வருஷக்கணக்கில் வசூலாவது பெரும்பாலும் அசல், வட்டி, லாபம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் நிர்ணயித்த விலை ரூ. 7.01. கமுதிக்கான ஒப்பந்தங்கள் 2015-இல் அந்த விலையில் கையெழுத்தாயின. 2017 மே மாதம் ராஜஸ்தானத்தின் பத்லாவுக்கான ஏலத்தில் கேட்கப்பட்ட விலை ரூ. 2.44. இடையில் சூரியன் மாறிவிடவில்லை. பலகையின் விலை இறங்கியது. விலை வைக்கும் முறையும் வேறு.

நிலக்கரி மின்சாரம் விலை ஏறினால் சுரங்கத்தையும் கப்பலையும் காரணம் காட்டலாம். இங்கே அந்தச் சாக்கு இல்லை. மூலப்பொருளுக்கு விலையில்லாததாலேயே, விலை ஏறக்குறைய முழுவதும் மனிதர் கூடிச் செய்த தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானம் என்றால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்களும் உண்டு.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. பைக்காராவின் நீரும் இலவசமாகத்தான் மலையிலிருந்து விழுந்தது. 1930களில் அந்த மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகளை ஓட்டியது, காலப்போக்கில் கிணற்று மோட்டார்களையும். மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் எழுந்தபோது, 1970-இல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூவர் இறந்தார்கள். 1972-இல் மாட்டுவண்டிகள் கோவைத் தெருக்களை அடைத்து நின்றன. பைசாவுக்காக நடந்த சண்டை என்று அதைச் சுருக்கிவிட முடியும். விலை எங்கே தீர்மானமாகிறது, அங்கே நமக்கு இடமுண்டா என்ற கேள்வி அந்தப் பைசாவுக்குள் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சூரிய மின்சாரம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் சுத்தம் என்பது புகையைப் பற்றிய சொல். ஒப்பந்தத்துக்கும் அதே சொல்லை வழங்குவதானால் கணக்கை விரித்துக் காட்டியாகவேண்டும். வெயிலில் காய்கிறவன்தான் அதன் விலையையும் கொடுக்கிறான். அது எப்படி வந்த விலை என்று அவன் கேட்பது சூரியனுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.