களிம்பும் இரைச்சலும்

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகல் என்ற பேதமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் அரியலூர்ப் பிரதேசத்தில், எண்பத்து நான்கு வயதாகிவிட்ட என் தாயார் பாடும் தேவாரப் பதிகங்களை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை, சென்ற தை மாதத்தில் என் தம்பி மகனுக்கு உண்டாயிற்று. என் தாயார் எந்தப் பாடசாலைக்கும் போனவளல்ல. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில், சிறுமியாக இருந்தபோது, தன் தகப்பனார் விரலைப் பிடித்துக்கொண்டு பிராகாரம் சுற்றிய நாட்களில் காதால் கேட்டுக் கற்ற பாடல்கள்தாம் அவளிடம் இருக்கும் சொத்து. மழபாடிக்கு வர மறந்தாயோ என்று இறைவனே கனவில் வந்து கேட்டு, அதன் பின் சுந்தரர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தை அவள் பாடும்போது, அந்தக் கேள்வி தன்னிடமே கேட்கப்பட்டது போல ஒரு கூச்சம் அவள் குரலில் வந்துவிடும். அந்தக் கூச்சத்தைப் பிடித்து வைக்க முடியுமா என்பதே பையனின் கவலை. எனக்கோ, அந்தக் கவலை வேறொரு விசாரணையில் போய் முடிந்தது.

பின்கட்டில் முன்பு நெற்குதிர் இருந்த அறையைச் சுத்தம் செய்து, பெரம்பலூர்க் கரிசலில் விளைந்த பருத்தியை அடைத்த பழைய மெத்தைகள் நான்கைச் சுவரோரமாக நிறுத்தினான். வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் சப்தம் பஞ்சில் பட்டால் அடங்கும் என்பது அவன் கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தது. மடிக்கணினியின் ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாயிற்று. சுழன்று சுழன்று முனகிய ஹார்ட் டிஸ்க் போய், வாயே திறக்காத எஸ்எஸ்டி வந்தது. மைக்கில் எழும் மெல்லிய மின்னதிர்வைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டியும் வந்து சேர்ந்தது. மைக்கைத் தேர்ந்தெடுத்ததில்தான் முதல் பிசகு. விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்பி, கண்டென்ஸர் மைக் வாங்கிவிட்டான். வயர் வழியாகவே 48 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினால்தான் உயிர் பெறும் ஜாதி அது. தனிக் கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வருவதனாலோ என்னவோ, அந்த மின்சாரத்துக்குப் பேயின் பெயரைச் சூட்டி ஃபாண்டம் பவர் என்கிறார்கள். பேய்க்கு இருக்கும் செவிக்கூர்மையும் அந்த மைக்குக்கு இருந்தது. அம்மாவின் குரலோடு, ஓட்டு மேல் தாவும் அணில், அடுத்த வீட்டுக் கிரைண்டர், மெயின் ரோட்டில் கியர் மாற்றும் டாரஸ் லாரி எல்லாவற்றையும் பாரபட்சமின்றி அது பதிவு செய்துவிட்டது. வேதாந்திகள் அதிகாரி பேதம் என்று ஒன்று சொல்வார்கள். உபதேசம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பெறுகிறவனுடைய பக்குவத்துக்கு மிஞ்சினால் அது அவனுக்கு உபத்திரவமாகவே முடியும். எல்லாவற்றையும் கேட்கும் செவி நிசப்தமான மண்டபத்துக்கு உரியது. லாரி ஓடும் ஊருக்கு, வாயருகில் வந்து பாடினால் மட்டும் கேட்கும் டைனமிக் மைக்கே உத்தமம் என்று பத்து நாள் கழித்துத் தெளிந்தான்.

அடுத்த சோதனை காலத்தைப் பற்றியது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி பாடிய என் தாயார் சட்டென்று நிறுத்திவிட்டு, "ஏன்டா தம்பி, யாரோ என் பின்னாலேயே பாடிக்கிட்டு வர்றாங்களே" என்றாள். கணினி வருகிற ஒலியை உடனுக்குடன் கையாளுவதில்லை. மரக்காலில் நெல்லை நிரப்பி அளப்பது போல ஒரு பங்கு சேர்த்து வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைப் பார்க்கிறது. வினாடிக்கு 44,100 அளவு எடுக்கும் கணக்கில், 1,024 அளவுகளை ஒரு மரக்காலாக வைத்தால், உள்ளே போக ஏறக்குறைய 23 மில்லி செகண்டும், வெளியே வர அவ்வளவும் ஆகும். ஒலி காற்றில் அந்த நேரத்துக்குள் சுமார் 16 மீட்டர் போய்விடும். ஆகவே மண்டபத்தின் ஒரு கோடியில் நின்று பாடிக்கொண்டே, மறுகோடியில் நின்று தன்னையே கேட்கும் விசித்திரமான நிலைமை அவளுக்கு ஏற்பட்டது. மரக்காலைச் சிறிதாக்கி 128 என்று வைத்தால், கணினி மூச்சு வாங்கிப் பட்பட்டென்று வெடித்தது. வைஃபையை அணைத்தான், வெடிப்பு பாதி குறைந்தது. 256 வைத்தபோது மீதியும் நின்றது. கடைசியில், கணினிக்குள் போகாமல் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்குக் குரலைத் திருப்பும் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து, இந்த மரக்கால் விவகாரத்துக்கே முழுக்குப் போட்டான்.

அதிலிருந்து மூன்றாவது நாள் பதிவுக்கு உட்கார்ந்தபோது ஒரு ரீங்காரம் குறுக்கிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா, "சுருதிப் பெட்டிய யாரு போட்டது? எனக்கு இந்தச் சுருதி ஒத்து வராது" என்றாள். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அதிர்வே உருமாறி ரீங்காரமாகக் கேட்டது என்று பையன் விளக்கினான். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியவுடன் அது நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து சுவரிலிருந்த பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்று துளைகளில் மேல் துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை. வீடு கட்டிய நாள்முதல் அது வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது. கம்பி இழுத்தார்கள். ரீங்காரம் ஒழிந்தது.

ஒழிந்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்து, பாட்டு இல்லாத இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், 'ஸ்ஸ்' என்று மணல் சரிவது போன்ற ஓர் ஓசை. பையன் வயரை மாற்றினான். இன்டர்ஃபேஸை மாற்றிப் பார்த்தான். வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓட்டினான். போகவில்லை. மின்சாரம் ஓடக்கூடிய எந்தக் கம்பியிலும், எந்த உறுப்பிலும், வெப்பம் இருக்கும் வரை எலெக்ட்ரான்கள் தாமாகவே அலைபாய்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அலைச்சலே இந்த ஓசை. 1928-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்து காட்ட, ஹாரி நைக்விஸ்ட் அதன் காரணத்தை விளக்கினார். முழுமையான குளிர்ச்சியில், அதாவது வெப்பமே அற்ற ஒரு நிலையில்தான் அது ஒழியும். அந்த நிலையை எந்தக் கருவியும் அடைய முடியாது. நல்ல கருவி அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

இந்த விளக்கத்தைக் கேட்டபோது, இளமையில் சைவ சித்தாந்த வகுப்பில் எனக்கு ஒருநாளும் பிடிபடாத ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டது. மாயையும் கன்மமும் உயிருக்கு இடையில் வந்து சேர்ந்த மலங்கள், ஆகந்துகம். ஆணவமோ செம்பில் களிம்பு போல உயிர் என்று உண்டோ அன்றே உடன் இருப்பது, சகஜம் என்பார் ஆசிரியர். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் அடங்கிக் கிடக்கும் என்று அவர் சொன்னபோது, அழியாத அழுக்கை வைத்துக்கொண்டு என்ன முத்தி என்று நான் எழுந்து கேட்டு, உட்கார் என்று அதட்டப்பட்டவன். ரீங்காரம் ஆகந்துகம், ஒரு கம்பி இழுத்தால் போயிற்று. இந்த 'ஸ்ஸ்' சகஜம். பாட்டு எழும்போது அது எங்கே போயிற்று என்றே தெரிவதில்லை. போய்விடவில்லை என்பதும் நிச்சயம். ஆசிரியர் இன்று இருந்திருந்தால், களிம்பின் பக்கத்தில் இந்த உவமையையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். வீட்டு ஸ்டூடியோ வைக்கிறவர்களில் பலர் பணத்தையும் நிம்மதியையும் இழப்பது, என் அபிப்பிராயத்தில், பழுது எது, எல்லை எது என்று பிரித்தறியாமல், எல்லையைப் பழுதென்று எண்ணிப் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டே போவதால்தான்.

இந்தப் பேதத்தை நம்மவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் ராஜேந்திரப்பட்டணம் என்று ஓர் ஊர். திருஎருக்கத்தம்புலியூர் என்பது தேவாரப் பெயர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. சம்பந்தர் பாட, பாணர் அதை யாழில் இட்டு வாசித்துக்கொண்டே தலந்தோறும் உடன் போனவர். பாணர் வாசிப்பதால்தான் பாட்டு சிறக்கிறது என்று அவருடைய உறவினர் பெருமை பேசவும், மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே வேண்டிக்கொண்டார் என்பது வரலாறு. தருமபுரத்தில் சம்பந்தர் அப்படியே பாடினார். நரம்பில் விரல் ஓடவில்லை. யாழை முறித்தெறியப் போன பாணரைச் சம்பந்தர் தடுத்து, இறைவன் புகழ் கருவியில் முழுதும் அடங்க வேண்டும் என்று என்ன இருக்கிறது, வந்த அளவு வாசியும் என்று யாழைத் திருப்பிக் கையில் கொடுத்தாராம். நான் இந்தக் கதையைப் பல முறை கேட்டிருக்கிறேன். பக்தியின் பெருமை என்றே கருதிக் கேட்டேன். யாழில் கோளாறு எதுவும் இல்லை, அதனால் அதை முறிப்பதில் அர்த்தமும் இல்லை என்ற தெளிந்த நிதானம் அதில் இருப்பது இந்த வயதில்தான் புலப்படுகிறது.

அதே பாணரின் ஊர் இன்னொரு முறையும் கதையில் வருகிறது. தில்லையில் கரையான் அரித்த ஏடுகளிலிருந்து நம்பியாண்டார் நம்பி பதிகங்களை மீட்டபோது, சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. ஏட்டில் இசை ஏது? பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஆக ஓலை பாதியைத்தான் காத்தது. மறுபாதியைக் காத்தது ஒரு பெண்ணின் தொண்டை.

அப்படியானால் இந்தக் கணினி காப்பது எதை? சப்தம் நித்தியம் என்பது மீமாம்சகர் கட்சி. பத்துப் பேர் 'பசு' என்று சொன்னால் பத்துச் சொற்கள் பிறந்தன என்று யாரும் சொல்வதில்லை, ஒரே சொல் பத்து முறை ஒலித்தது என்கிறோம். ஆகவே சொல் என்றும் உளது, உச்சாரணம் அதை வெளிப்படுத்துவது மட்டுமே என்று அவர்கள் வாதிப்பார்கள். நையாயிகர் இதை ஒப்புவதில்லை. சப்தம் பிறப்பது, குளத்தில் அலை அலையைத் தள்ளுவது போலப் பரவுவது, பரவிய இடத்திலேயே மாய்வது. அம்மா தன் பாட்டை முதன்முதலாகத் திருப்பிக் கேட்டபோது முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல், "நல்லாத்தான் பாடுது" என்றாள். 'பாடுறேன்' என்று சொல்லவில்லை. ஒரே வார்த்தையில் அவள் நையாயிகர் பக்கம் போய்விட்டாள் என்று நான் சிரித்தேன்.

ஆனாலும் எனக்குச் சமாதானமாகவில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்தப் பக்கமெல்லாம் பரந்திருந்த காலத்தில் அதில் புதைந்த மரம். மரச்சத்து கரையக் கரைய, அந்தந்த இடத்தில் தாதுப்பொருள் துளித்துளியாக வந்து அமர்ந்துவிட்டது. கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல வெயிலிலும் உள்ளே ஒரு குளிர்ச்சி. அதில் மரம் என்று சொல்ல ஓர் அணுவும் மிச்சமில்லை. மரமல்ல என்று சொல்லவோ மனம் வருவதில்லை. வினாடிக்கு 44,100 எண்களாக என் தாயின் குரலும் அவ்வாறே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அதே நைக்விஸ்டும், 1949-இல் கிளாட் ஷானனும் காட்டியபடி, உச்ச அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேல் அளவெடுத்தால் இடையிலுள்ள அலையையும் பிசகாமல் மீட்டுவிடலாம் என்பதால், உருவம் முழுசாகவே நிற்கும். சூக்குமை, பைசந்தி, மத்திமை என்று மூன்று படி கடந்து, நான்காவதாக வைகரியில்தான் வாக்குச் செவிக்கு எட்டுகிறது என்பது சித்தாந்தம். மைக் வைகரியின் வாசலில் நிற்கிறது. அந்தக் கூச்சம் எந்தப் படியில் பிறந்தது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாசிக் கடைசியில் மழபாடிப் பதிகம் ஒரே மூச்சில் நன்றாக அமைந்தது. ஐந்தாவது பாட்டின் நடுவே, தூரத்துச் சுரங்கத்தில் வெடி வைத்த சத்தம், மெத்தைகளையெல்லாம் மீறிக்கொண்டு 'தும்' என்று தரை வழியாக வந்து விழுந்தது. அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தானே பெயர்க்கிறார்கள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை; அரை மாத்திரை பொறுத்து, விட்ட எழுத்திலிருந்தே எடுத்தாள். இரவு பையன் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இந்த வெடியை மட்டும் வெட்டி எடுத்துடலாமா பெரியப்பா? அவங்க நிறுத்தின இடமும் சேர்ந்து போயிடும்" என்றான்.

அப்பாயியைக் கேள் என்றேன். அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.