மங்கிய ஒளியும் ஏற்கும் மனமும்

கண்ணுக்குப் புலப்படாதது இல்லாததாகுமா? இவ்வினாவை ஏட்டிலிருந்து எடாமல் வானத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கட்சால், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் உள்ளது. தை மாதத்து இரவில் திருவாதிரை மீனும், அதனருகே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களும் அங்கே உச்சிக்கு அண்மையில் விளங்கும். அவற்றைச் சூழ்ந்து செந்நிற நெபுலா ஒன்று வளைந்து பரந்துள்ளது. வெறுங்கண்ணால் அதனைக் காண்பது மிக அரிது. 1894-இல் எட்வர்டு பார்னார்டு என்னும் அமெரிக்கர் சிறியதொரு லென்சைக் கொண்டே அதனைப் படத்திற் பிடித்தார். வறுமையால் ஒன்பதாம் வயதிலேயே புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சென்றவர் அவர். பஞ்சாலையில் இளமையைக் கழித்த நமக்கு அவர்பால் தனிப்பற்று உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை.

கண், வந்த ஒளியை நொடிக்குள் கைவிட்டுவிடுகிறது. பிலிமோ சேர்த்து வைக்கிறது. டெலிபோட்டோ லென்சு பொருத்திய காமிராவை, வானம் சுழலும் வேகத்திலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் திறந்து வைத்தால், கண் காணாதது படத்தில் எழும். (திருப்பும் அச்சு துருவமீனை நோக்கியிருத்தல் வேண்டும், கட்சாலிலோ அம்மீன் கடல் விளிம்பைவிட்டு அதிகம் மேலெழுவதில்லை.)

ஆயினும் பிலிமின் கணக்கும் நேர்மையான கணக்கன்று. வெள்ளியுப்பின் துகளில் ஒளி பட்டால் ஒரு வெள்ளியணு தோன்றும். தனித்த அணு நிலைப்பதில்லை. அடுத்த ஒளித்துளி காலத்தில் வாராவிடின் முன்னது அழிந்துபோம். சில அணுக்கள் கூடினாலன்றிச் சுவடில்லை. ஆதலின் மங்கிய ஒளிக்கு இருமடங்கு நேரம் காத்திருந்தும் இருமடங்கு பதிவு கிடைப்பதில்லை. ஒளி வந்ததும் மெய், சுவடில்லாததும் மெய். குற்றம் வந்ததன்மேலா, ஏற்றதன்மேலா? படமெடுத்தோர் ஒளியை நோகவில்லை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் பிலிமைச் சூடேற்றி, முன்கூட்டியே பதப்படுத்தினர்.

மனிதரிடத்தும் இவ்வினா எழுகிறது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென வகுத்தது. இலங்கையிலிருந்து அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்கள் கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டன. 2000 ஜனவரி 1 அன்று, கிரீனிச்சில் நள்ளிரவு கடக்கும் கணத்தில் கட்சாலிற் கதிரவன் எழுவான் என்று கணித்து, உலகம் அத்தீவை நோக்கிற்று. கதிரவனைக் காணக் காத்திருப்பு வேண்டுமோ! 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை அத்தீவைச் சிதைத்தபோது மீண்டும் நோக்கிற்று. இடைப்பட்ட விடியல்களில் அங்கே பால்வெட்டச் சென்றவர்களை யார் நோக்கினர்?

பிறரைக் கேட்குமுன் நம்மையே கேட்க வேண்டும். ஆலையில் நம் குறையை மேஸ்திரி ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்பார்; முன்னர்ச் சொன்னது அவரிடம் தங்கியிராது. அதற்காக அவரை மிக வெறுத்தோம். பின்னர் நாம் மேடையேறினோம். சொற்பொழிவு முடிந்ததும் ஓர் அம்மையார் ஒதுங்கி நின்று, தம் மகனைப்பற்றி இரண்டொரு சொல் சொல்லிச் செல்வார். தலையசைத்து அனுப்புவோம். மூன்றாம் முறை அவர் வந்தபோதும், “தங்கள் பெயர் என்னம்மா?” என்றே கேட்டோம்.