இன்று செய்தி இல்லை

பழைய செய்தித்தாளைப் போல் நம்மைச் சிரிக்க வைக்கும் நூல் வேறொன்றில்லை. பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலை தீர்ந்த பின் அந்தத் தாளை நீவிவிட்டுப் படித்துப் பார்ப்போம். 'நெருக்கடி முற்றுகிறது' என்று கொட்டை எழுத்தில் அலறியது எந்த அமைச்சரவைக்காக என்பது நம் நினைவுக்கே வராது. தங்கம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதென்று புலம்பியிருக்கும். அந்த விலைக்கு இன்று ஒரு பவுன் கிடைக்காதா என்று நமக்கு ஏக்கம் பிறக்கும். 1948 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்துவிட்டதாக முதற்பக்கத்தில் அச்சிட்டது. வென்றவரோ ட்ரூமன். அந்தத் தாளை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து அவர் வாய்விட்டுச் சிரிக்கும் நிழற்படம், அச்சிட்டவர்களைக் காலமெல்லாம் பார்த்துச் சிரித்துக் கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் விஞ்சியது 1930 ஏப்ரல் 18ஆம் நாளின் செய்தி. அன்று புனித வெள்ளி. இலண்டன் பி.பி.சி. வானொலியில் மாலைச் செய்தி நேரம். வானொலிப் பெட்டியின் முன் மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அறிவிப்பாளர் வந்தார், இன்று செய்தி எதுவும் இல்லை என்றார், போய்விட்டார். எஞ்சிய நேரத்தைப் பியானோ இசை நிரப்பியது.

சொல்ல ஒன்றுமில்லாதபோது ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த நேர்மையை நாம் வியக்கத்தான் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி சொல்லும் இன்றைய தொலைக்காட்சிகளில் எதற்கு அந்தத் துணிவு வரும்? செய்தி இல்லாவிட்டால், செய்தி இல்லாதது ஏன் என்று விவாதிக்க நான்கு பேரை அழைத்து அமர்த்திவிடுவார்கள்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்த நாளில் உண்மையாகவே ஒன்றும் நடக்கவில்லையா?

வங்காளத்தின் சிட்டகாங்கில் அன்றிரவு சூர்யா சென் என்ற பள்ளி ஆசிரியரின் தலைமையில் இளைஞர்கள் அரசின் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். துப்பாக்கிகள் கிடைத்தன, குண்டுகள் இருந்த இடம்தான் அகப்படவில்லை. ஐரோப்பியர் சங்கத்தைத் தாக்கச் சென்றவர்கள், புனித வெள்ளியானதால் அங்கே ஆளரவமின்றித் திரும்பினார்கள். தந்தி, தொலைபேசி நிலையத்தை மட்டும் அவர்கள் முழுதாகச் செயலிழக்கச் செய்தார்கள். இலண்டனில் பியானோ ஒலித்தபோது வங்காளத்தில் நள்ளிரவு கடந்திருந்தது. பேரரசை உலுக்கிய நிகழ்ச்சி நடந்து முடிந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய கம்பிதான் அறுந்து கிடந்தது.

நம் தமிழகத்தில் அதே நாளில் இராஜாஜியும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் வேதாரணியம் நோக்கி நடந்து கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் புறப்பட்ட அந்த உப்பு யாத்திரைக்கு, நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை நடைப்பாட்டு எழுதித் தந்திருந்தார். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை அன்றோ! ஒரு பேரரசின் ஆணையைப் புளியஞ்சோறு வென்ற அந்தக் கதையும் இலண்டனுக்குச் செய்தியாகவில்லை.

அதே புனித வெள்ளியன்று ருமேனியாவின் கொஸ்தெஷ்டி என்னும் ஊரில் வழிபாட்டின் நடுவே மரத்தாலான கோவில் தீப்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர். இங்கே நம் சிரிப்பு நின்றுவிடுகிறது.

செய்தி இல்லை என்ற சொல்லுக்கு, எங்களுக்கு எட்டவில்லை என்பதும் பொருள்; எட்டியது, ஆனால் நாங்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் பொருள். கம்பி அறுந்ததால் சிட்டகாங்கின் செய்தியை அறியாதவரை நாம் குறை கூற இயலாது. அறியாமை தன்னளவில் பாவமன்று. ஆனால் நடந்து செல்லும் நூறு பேரைப் பற்றி அறிந்தும், அது செய்தியாகாது என்று முடிவு செய்யும்போது, அங்கே அறநெறி சார்ந்த ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. எந்த மனிதர் எண்ணத்தக்கவர், எவர் எண்ணத்தகாதவர் என்ற தீர்ப்பு அது.

இதற்கெல்லாம் இலண்டனைக் குறை சொல்வது எளிது. போத்தனூரில் வாழும் நாம் நம் இரயில் நிலையத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1921 நவம்பர் 17 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்டு பம்பாயில் வந்திறங்கினார். வரவேற்பும் அலங்காரமும் ஒருபுறம், புறக்கணிப்பும் கலவரமும் மறுபுறம். கலவரத்தைக் கண்டு மனம் வெதும்பிய காந்தியடிகள் 19ஆம் நாள் உண்ணா நோன்பு தொடங்கினார். அந்த நாள்களில் நாட்டின் கண்ணெல்லாம் பம்பாயின்மேல் இருந்தது. அதே 19ஆம் நாள் மாலையில், மலபார்க் கிளர்ச்சியில் கைதான ஏறத்தாழ நூறு பேர் திரூர் நிலையத்தில் மூடிய சரக்குப் பெட்டி ஒன்றில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். காற்றுப் புக வேண்டிய துளைகள் வண்ணப்பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்தன. வண்டி ஷொர்ணூரில் நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. உள்ளிருந்து எழுந்த கூக்குரல் கேட்டும் கதவு திறக்கப்படவில்லை என்று உயிர் பிழைத்தோர் பின்னாளில் கூறினர். நள்ளிரவுக்குப் பின் போத்தனூரில் கதவு திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர். கோயம்புத்தூருக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களிலும் சிலர் இறந்தனர். மொத்தம் 64 என்றும் 70 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன.

பின்னர் செய்தி வெளிவந்தது, நாடு கொதித்தது, விசாரணைக் குழுவும் அமைந்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. சிட்டகாங்கில் அறுந்தது கம்பி. இங்கே அப்படி எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை. ஓசை செவிக்கு எட்டும் தொலைவில்தான் மனிதர் நின்றிருந்தனர்.

காலம் செய்யும் கேலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பம்பாயில் அத்தனை ஆரவாரத்தோடு இறங்கிய இளவரசர் 1936 சனவரியில் மன்னரானார். முடிசூட்டு விழா நடக்கும் முன்பே, அவ்வாண்டு டிசம்பரில் அரியணையைத் துறந்துவிட்டார். அலங்கார வளைவுகளின் நினைவும் மறைந்துவிட்டது. பெயர் அறியப்படாத கைதிகள் அடைபட்டிருந்த பெட்டியோ நூறாண்டுகளுக்குப் பின்னும் மறக்கப்படவில்லை. திரூரில் அவர்களுக்கு நினைவு மண்டபம் உண்டு.

நாம் அறிந்த நற்செய்தியாளர் லூக்காவும் ஓரிடத்தில் செய்தித்தாள் போலவே தொடங்குகிறார். திபேரியு, பிலாத்து, ஏரோது எனத் தொடங்கி, தலைமைக் குருக்களான அன்னா, கயபா வரை ஏழு பெரும்பெயர்களை அவர் வரிசைப்படுத்துகிறார். அன்றைய முதற்பக்கம் முழுவதும் அவர்களுக்கே போதாது. ஆனால் இறைவாக்கு அந்த எழுவரில் ஒருவருக்கும் வரவில்லை. பாலைவனத்தில் இருந்த செக்கரியாவின் மகன் யோவானுக்கு வந்ததென்று அவர் எழுதுகிறார்.

எனவே நாளிதழ்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பின்னர் உண்மையை ஊரறியச் செய்ததும் அவையே. தலைப்பின் எழுத்து எத்தனை பெரிதோ அத்தனை பெரிது நிகழ்ச்சி என்று நம்பிவிடுவதுதான் தவறு. எழுத்தின் அளவை ஆசிரியர் குழு முடிவு செய்யலாம். துன்பத்தின் அளவை அக்குழு முடிவு செய்ய முடியாது. ஆறாம் பக்கத்து மூலையில் நான்கு வரியில் வந்துபோகும் கழிவுநீர்த் தொட்டி மரணத்தையும், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளி ஒருவரின் விபத்தையும் நாம் எத்தனை நொடிகள் படிக்கிறோம்? நான்கு வரி கூடக் கிடைக்காத துயரம் நம் தெருவிலேயே உண்டு. மருந்து வாங்க இயலாத முதியவர் இருக்கிறார். வேலை போனதை வீட்டில் சொல்லத் தயங்கி, காலையில் வழக்கம்போல் சோற்றுப் பையோடு புறப்படும் இளைஞர் இருக்கிறார். இவர்களைப் பற்றி எந்தத் தாளும் எழுதப் போவதில்லை.

இரவில் வீட்டார் கூடி அமரும்போது, இன்று என்ன செய்தி என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். ஒன்றும் இல்லை என்று பதில் சொல்லுமுன், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்றாவது ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.