சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு

சொல் விளையாட்டு நிறைந்த வேடிக்கைப் படநூல்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? 'வாக்கு புனிதமானது, அதைக் கோமாளியாக்குவது முறையா?' என வினவுவோர் உளர்.

'படியில் அமர்ந்து படி' என்னும் தொடருக்கு, அரிசி அளக்கும் படிக்குள் பூனையொன்று அமர்ந்து படிப்பதாகப் படம் வரைந்தால் குழந்தை நகைக்கிறது. வாசற்படி வேறு, அளக்கும் படி வேறு என அது அறிந்திருக்கிறது. பொருளறியாதவர் சிலேடைக்குச் சிரிப்பதில்லை. எனவே அது சொல்லுக்கு இழுக்கன்று; அறிவின் மகிழ்ச்சி.

உடலுக்கு ஓய்வு போல ஆன்மாவுக்கு விளையாட்டு தேவை என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் படிப்பினை. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரே (1680–1747) பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார்.

ஆயினும், அக்கதையின் சீடர்களுக்கு மட்டி, மடையன் என்று பெயர். கற்பனை மாந்தருக்கு அவை தகும்; பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்குத் தகா. தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். இண்டூரில் அத்தகைய வீட்டுச் சிறுவன் ஒருவன் 'வாழை'யை 'வாளை' என்று வாசித்து, வகுப்பே நகைத்தால், பின்னர் அவன் வாய் திறப்பானா? அதையே, வாழைமரத்தில் வாளைமீன் தொங்கும் படமாக ஒரு நூல் காட்டினால், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஈசாக்கு என்னும் பெயருக்குச் சிரிப்பு என்பதே பொருள். கேட்போர் யாவரும் தம்மோடு சேர்ந்து சிரிப்பர் என்று மகிழ்ந்தார் சாரா. நம் பிள்ளைகளின் நகைப்புக்கு நாம் கொள்ளத்தக்க அளவுகோல் அந்தச் 'சேர்ந்து' என்னும் சொல்லே.