சான்றிதழும் சாட்சியமும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதியில் அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை. முழுநிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் அவ்வழியே நடந்து செல்கின்றனர். பாதையோரங்களில் அன்னதானம் நடைபெறுகிறது. அந்த வரிசையில் நிற்பவரிடம், "உமக்கு வருமானம் எவ்வளவு? உமக்குச் சோறு போட வீட்டில் ஆள் இல்லையா?" என்று எவரும் கேட்பதில்லை. வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வகைத் தொன்னையில் வாங்கி உண்டு நடக்கின்றனர். மறுநாள் காலை அதே ஊரைச் சேர்ந்த கைம்பெண் ஒருத்தி அரசின் ஓய்வூதியம் கேட்டுப் புறப்பட்டால் நிலைமை வேறு. கணவரின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதரவற்றவர் என்பதற்கான விசாரணை என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றன. அவள் ஏழை என்பது அவள் தெருவுக்கே தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிந்தது அலுவலகத்துக்குத் தெரியாது.

இதை வைத்து, அன்னதானம் இரக்கமுடையது, அரசு இரக்கமற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அது அவசர முடிவாகும். சோற்றுக்கு வயிறே அளவு. பசியென்று பொய் சொல்லி மூவர் உணவை ஒருவர் உண்ண இயலாது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மன்னாவைச் சேகரித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப்போயிற்று என்று விடுதலைப் பயணநூல் உரைக்கிறது. பணம் புழுப்பதில்லை. தேவையற்றவர் கணக்கில் விழுந்த பணமும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே பணமாக வழங்கப்படும் உதவிக்கு விதிகள் வேண்டியதாகின்றன. விதிகள் இருப்பதில் அநீதி இல்லை. அந்த விதிகளின் கண்ணுக்குப் புலப்படாத வாழ்க்கையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதிலேயே கேள்வி எழுகிறது.

அப்படிப் புலப்படாத வாழ்க்கை இருவகையினருக்கு அமைந்திருக்கிறது. முதல் வகையினர் சுயதொழில் செய்வோர். மாதச் சம்பளக்காரரின் வருமானத்துக்கு ஒரு தாள் உண்டு. கிரிவலப் பாதையில் பூ விற்பவருக்கும், சுக்குக் காப்பி விற்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் அத்தகைய தாள் ஏது? முழுநிலவு இரவில் கைநிறையக் காசு புரளும். அதிலும் சரக்குக் கடனும் வட்டியும் போக எஞ்சுவதே வருமானம். மற்ற நாள்களில் போணியே ஆகாமல் கடை கட்டுவதும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்குரிய குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்கவேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. மின்சாரத்தை மீட்டர் அளந்து சொல்லும். பூக்கூடையின் வருமானத்தை எந்த மீட்டர் அளக்கும்? அவர் சொல்வதைத்தான் எழுதிக்கொள்ளவேண்டும். உண்மை சொல்பவருக்கும் பொய் சொல்பவருக்கும் இங்கே ஒரே படிவம்தான்.

இந்தச் சிக்கலைக் கணினி தீர்த்துவிடும் என்று நம்பிய நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில், உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இருவாரத்துக்கு ஒரு பங்காகச் சமமாகப் பிரித்துப் பார்த்து, "நீர் கூடுதலாகப் பெற்றுவிட்டீர், திருப்பிச் செலுத்தும்" என்று எளியவர்களுக்குக் கடன் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. சில மாதங்கள் வேலை கிடைத்து, சில மாதங்கள் வெறுங்கையோடு இருந்தவர்களைச் சராசரிக் கணக்கு பொய்யர்களாக்கியது. அம்முறை சட்டப்படி செல்லாது என்பதை அந்நாட்டு அரசு 2019இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 4,70,000 கடன்களுக்குரிய தொகையைத் திருப்பித் தருவதாக 2020இல் அறிவித்தது. முழுநிலவு நாளின் வரும்படியை முப்பது நாளுக்கும் பெருக்கிப் பார்ப்பவர் அடி அண்ணாமலையிலும் இதே தவற்றைச் செய்வார்.

இரண்டாம் வகையினர் தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார். தமிழகத்தில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975இல் தொடங்கியது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 1986இல் வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட 11 ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், இறந்த கணவரைச் சட்டத்துக்கு எளிதில் புரிகிறது, ஓடிப்போன கணவரைப் புரிந்துகொள்ள நாளாகிறது என்பது விளங்கும். இறப்புக்குச் சான்றிதழ் உண்டு. கைவிடப்பட்டதற்கு எதைக் காட்டுவது? மணமுறிவோ, நீதிமன்றம் அளித்த பிரிவோ இல்லாத பெண், ஐந்தாண்டுகளேனும் கைவிடப்பட்டிருக்கவேண்டும் என்கிறது விதி. அந்த ஐந்தாண்டுகளில் பிள்ளைகளுக்குப் பசிக்காதா? பிரிந்த கணவர் ஒரு பொங்கலுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்து போனால், "இவளா கைவிடப்பட்டவள்?" என்று அண்டை வீட்டார் புருவம் உயர்த்துகின்றனர். அவள் நல்ல புடவை கட்டினால் ஒரு பேச்சு, கைபேசி வாங்கினால் ஒரு பேச்சு. உதவி பெறுகிற பெண் எந்நேரமும் துன்பத்தின் கோலத்திலேயே இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ?

நெதர்லாந்தில் இத்தகைய ஐயம் அரசின் கொள்கையாகவே மாறியது. குழந்தைப் பராமரிப்புக்கு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர் ஏமாற்றுக்காரர் எனத் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டனர். படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டதற்கும், சிறு தொகையொன்று செலுத்தப்படாததற்கும் ஓராண்டு உதவி முழுவதையும் திருப்பிக் கேட்ட நேர்வுகள் இருந்தன. தனித்து வாழ்ந்த தாய்மாரும் குடியேறிய குடும்பத்தினரும் கடனில் மூழ்கினர். உண்மை வெளிவந்தபின், 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. ஏமாற்றுபவரைப் பிடிக்க விரித்த வலையில் எளியவரே மிகுதியாகச் சிக்கினர்.

அப்படியானால் முறைகேடு என்பதே கற்பனையா? இல்லை. நம் மாவட்டமே அதற்குச் சான்று. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டம் 2019இல் தொடங்கியது. 2020இல் தமிழகத்தின் 13 மாவட்டங்களில், திருவண்ணாமலை உள்பட, ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் அதில் சேர்க்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தவறானவர்களுக்குச் சென்றிருந்தது. அலுவலகத்தின் இரகசியக் குறியீடுகள் வெளியாட்களின் கைக்குப் போயிருந்தன. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர். இடைத்தரகர்கள் பலர் கைதாயினர். கொரோனா நிவாரணம் என்று சொல்லப்பட்டதை நம்பித் தம் ஆதார் எண்ணைக் கொடுத்த ஏழைகளும் உண்டு என்று அப்போது செய்திகள் வந்தன. பணம் வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டபோது, தரகருக்குக் கொடுத்த பங்கையும் சேர்த்து இழந்தவர் அந்த ஏழையே.

இங்கே இன்னொன்றையும் காணவேண்டும். தம் பெயரில் நிலம் உள்ளவருக்கே அத்திட்டம் உரியது. கணவர் கைவிட்டபின், மாமனார் பெயரிலுள்ள ஒரு துண்டு நிலத்தில் வேர்க்கடலை பயிரிட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். வெயிலில் நின்று உழைக்கும் அவள் சட்டத்தின் பார்வையில் விவசாயி அல்லள். ஏர் பிடித்தறியாத எத்தனையோ பேர் அவ்வாண்டு விவசாயிகளாக எழுதப்பட்டனர். தகுதியுள்ளவர் வெளியேயும் தகுதியற்றவர் உள்ளேயும் நிற்கும் இவ்விரு அநீதிகளுக்கும் காரணம் ஒன்றே. அவரவர் வாழ்க்கையை நேரில் அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. தாள் மட்டுமே பேசியது.

திருச்சபைக்கு இது புதிய சிக்கல் அன்று. அன்றாடப் பந்தியில் கிரேக்கமொழி பேசும் கைம்பெண்கள் முறையாகக் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு தொடக்கத் திருச்சபையிலேயே எழுந்தது. திருத்தூதர்கள் பந்தியை நிறுத்திவிடவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைப் பொறுப்பாக ஏற்படுத்தினர். கைம்பெண்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கான நெறிகள் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் தரப்பட்டுள்ளன. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள கைம்பெண்ணை அவர்களே பேணட்டும்; அப்போதுதான் உண்மையில் ஆதரவற்றவருக்குத் திருச்சபை உதவ இயலும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். விதியின் நோக்கம் விலக்குவதன்று. உண்மையாகவே நாதியற்றவளுக்குரிய பங்கைக் காப்பது.

'பன்னிரு திருத்தூதரின் போதனை' என்னும் பழமையான நூலோ, கேட்பவர் எவருக்கும் கொடுக்கும்படி சொல்லிவிட்டு, தேவையின்றிப் பெறுபவர் அதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று எச்சரிக்கிறது. ஏழைகளின் நடத்தையைத் துருவி ஆராய்வதைப் புனித யோவான் கிறிசோஸ்தோம் கண்டித்தார். கப்பல் உடைந்து வருபவர் எவராயினும் துறைமுகம் ஏற்றுக்கொள்வது போலக் கொடுப்பவர் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கொடுப்பவரின் கடமை தாராளம், பெறுபவரின் கடமை உண்மை என்பது தெளிவாகும். நாமோ பெரும்பாலும் இவற்றை இடம் மாற்றிவிடுகிறோம். கொடுக்கும் இடத்தில் நிற்கையில் பிறருடைய உண்மையை ஆராய்கிறோம். பெறும் இடத்தில் நிற்கையில் கொடுப்பவரின் தாராளத்தை எதிர்பார்க்கிறோம்.

"அரசுப் பணம்தானே, யாருக்கு நட்டம்?" என்ற பேச்சு நம் இல்லங்களிலும் ஒலிக்கிறது. தகுதியற்று ஒருவர் பெறும் ஆயிரம் ரூபாய், வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கும் ஏழைக்குரியது. அது மட்டுமன்று. ஒவ்வொரு முறைகேடும் வெளிப்பட்டபின் புதிய சான்று ஒன்றும், புதிய விசாரணை ஒன்றும் சேர்க்கப்படுகின்றன. அந்தப் புதிய தடையைத் தாண்டத் தெரிந்தவர் ஏமாற்றுக்காரர். தடுக்கி விழுபவர் படிக்காத கைம்பெண். ஆக, பொய் சொல்பவர் பணத்தை மட்டுமின்றி, உண்மை சொல்பவரின் நம்பகத்தன்மையையும் திருடுகிறார். ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் இங்கே ஒருசேர மீறப்படுகின்றன.

எனினும் எல்லாக் குற்றமும் ஒரே எடை உடையதன்று. உயிர்காக்க வேறு வழியற்ற கடுந்தேவையில் பிறர் உடைமையை எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்று புனித தாமஸ் அக்குவினா கற்பித்தார். பூ விற்ற காசில் நூறு இருநூறைச் சொல்லாமல் விட்ட தாயையும், மாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஏழையென்று எழுதித் தந்தவரையும், ஏழைகளின் அட்டைகளைத் திரட்டிப் பங்கு பிரித்த தரகரையும் ஒரே தட்டில் வைப்பது நீதியன்று. ஆனால் ஊர்ப் பேச்சில் முதலில் அகப்படுபவள் அந்தத் தாயே. தவறாகப் பெற்றதை ஈடுசெய்யவேண்டும் என்ற திருச்சபையின் படிப்பினையும் வசதியுள்ளவரிடமிருந்தே தொடங்கவேண்டும். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த சக்கேயு செல்வராக இருந்தார் என்பதை மறக்கலாகாது.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியது என்ன? ஒன்று, தெரிந்த உண்மைக்குச் சாட்சி நிற்பது. கைவிடப்பட்ட பெண்ணுடன் அலுவலகத்துக்குச் சென்று, "இவர் தனித்து வாழ்வது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல ஓர் அன்பியத்தில் இருவர் முன்வந்தால் போதும். தரகருக்கு வேலை குறையும். இரண்டு, தெரிந்த பொய்க்குக் கையொப்பமிட மறுப்பது. உறவினர் என்றாலும், நம் பங்கைச் சேர்ந்தவர் என்றாலும் மறுப்பது. மூன்று, வசதியிருந்தும் உதவி பெறுபவரை அறிந்தால், தெருவில் பேசாமல் அவரிடமே தனித்துப் பேசுவது. தவறிய சகோதரரை முதலில் தனியே கண்டு பேசும்படி மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் காட்டிய வழி அதுவே.

இது அண்டை வீட்டாரை ஒற்றர்களாக்காதா என்று சிலர் கேட்கலாம். ஒற்றர் தொலைவில் நின்று குறை தேடுகிறார். சாட்சியோ அருகில் சென்று நிலைமையை அறிகிறார். 1833இல் பாரிசில் ஃபிரெடரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை இல்லம் தேடிச் சென்று சந்திப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. வீட்டுக்குள் சென்று அமர்ந்து பேசியவருக்கு, அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது கேளாமலே தெரிந்துவிடும். அவர் தரும் சாட்சியத்தில் ஐயத்தின் நஞ்சு இராது.

போவாசின் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிய ரூத்தும் கைம்பெண், அதிலும் அயல்நாட்டவள். அவளிடம் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆனால் போவாசு அவளைப் பற்றி முன்பே விசாரித்து அறிந்திருந்தார். மாமியாருக்கு அவள் செய்த நன்மைகள் அனைத்தும் அவர் செவிக்கு எட்டியிருந்தன. ஊரார் அவளைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தனர். கதிர்களை அவளுக்கென்று வேண்டுமென்றே விட்டுவைக்கும்படி அவர் வேலையாள்களுக்குச் சொன்னது அந்த நல்ல சாட்சியத்தை நம்பித்தான். நம் தெருவிலும் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கக்கூடும். அவளைப் பற்றி நாம் அறிந்த உண்மையைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்வோமாக.