பத்திரம் சொல்லாத பங்காளிகள்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மூடிய மேடாகக் கிடக்கிறது. எனினும், அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில், கடல் கடந்து வந்து மாண்ட அவ்வந்நியரின் பெயரும் ஆண்டும் கல்லில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அதே ஊரில் நம் பாட்டனார் வாழ்ந்த வீட்டின் வரலாற்றைத் தேடப் புகுந்தபோது, அவருடன் பிறந்த சகோதரியர் இருவரின் பெயர் அவ்வீட்டைப் பற்றிய அரசு ஏடு எதிலும் இல்லாதிருக்கக் கண்டோம்.

வீட்டை விற்க உறவினர் முடிவு செய்து, மூலப்பத்திரம் தேடும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்திருந்தனர். தகரப் பெட்டியில் பூட்டனார் பெயரில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. வரி ரசீதுகள் அவருக்குப் பின் பாட்டனார் பெயரிலும், பின்னர் தந்தையார் பெயரிலும் தொடர்ந்தன. வில்லங்கச் சான்றில் வேறு பதிவு ஏதுமில்லை. உறவினர் மகிழ்ந்தனர். நமக்கோ அந்த வெற்றிடமே வில்லங்கமாகத் தோன்றிற்று.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். ஒருவர் இறந்த கணத்தில் வாரிசுகளுக்கு வந்துசேரும் உரிமை பதிவேட்டில் ஏறுவதில்லை. முஸ்லிம்களின் வாய்மொழி ஹிபாவும் அவ்வாறே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவில் அதற்கு விலக்களித்துள்ளது. ஆதலின், விற்றவரையும் வாங்கியவரையும் காட்டும் ஏடு, கொடுக்கப்படாதவரைக் காட்டாது.

நமக்கு அவர்களைக் காட்டியது பாட்டனாரின் பழைய கிதாபு ஒன்று. அதன் உள்ளட்டையில் குடும்பத்தாரின் பிறப்பும் மௌத்தும் அரபுத்தமிழில் குறிக்கப்பட்டிருந்தன. பூட்டனார் மறைந்தபோது மனைவி, ஒரு மகன், இரு பெண்மக்கள் உயிருடன் இருந்தனர். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. பின்னர்த் தாயும் மறைய, அவருடைய 4 பங்கும் பிள்ளைகளையே சேர்ந்தன. முடிவில் மகனுக்குப் பாதி. மகள் ஒவ்வொருவருக்கும் கால்.

இவ்வாறு அடுத்தடுத்த மரணங்களால் நீளும் கணக்கை ஃபராயிள் நூல்கள் முனாஸகா என்னும். ஸைது, அம்ரு என்ற பெயர்களை வைத்து முப்பது ஆண்டுகளாக அதனை மாணவர்க்குக் கற்பித்தோம். நம் வீட்டை வைத்து ஒருநாளும் கணக்கிட்டதில்லை.

"அவர்களுக்கு நகையும் சீரும் செய்தாயிற்றே, அவர்கள் கேட்கவும் இல்லையே" என்றனர் உறவினர். மகளுக்குத் தந்தை வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் இறந்தபின் வருவது பங்கு. ஒன்று மற்றொன்றின் கடனை அடைக்காது. பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி வாய்மூடிய பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் எனக் கொள்ளுதல் எங்ஙனம் தகும்?

"காலம் கடந்துவிட்டது" என்பது அடுத்த வாதம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் காட்டும் பன்னிரண்டு ஆண்டைச் சொல்வர். உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவும் பதினைந்து ஆண்டு கடந்த பல வழக்குகளைக் கேட்கலாகாது என விதித்தது. ஆயின், அதே நூலின் 1674ஆம் விதி, காலம் கடந்தமையால் உரிமை அழிவதில்லை என்கிறது. காலம் காஜியின் வாயை மூடலாம். வைத்திருப்பவனின் கடனைத் தீர்க்காது. அறியாதிருந்தவரை நமக்குச் சாக்கு இருந்தது. அட்டையைத் திறந்து படித்தபின் அச்சாக்கு இல்லை.

மூத்த சகோதரியின் வழிவந்த இளைஞர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார்; வாடகை வீட்டில் குடியிருக்கிறார். அவரிடம் சென்று செய்தியைச் சொன்னோம். அவர் தொகையைக் கேட்கவில்லை. "மாமா, எங்கள் பூட்டியாரின் பெயர் என்ன?" என்றார். அவர் குடும்பத்தில் அதை அறிந்தவர் எவரும் எஞ்சவில்லை. கிதாபை விரித்துக் காட்டினோம். அரபெழுத்தை மெல்லக் கூட்டி, அவரே படித்தார்.

இளைய சகோதரியின் சந்ததியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை வீடு விற்கப்படாது; அவர்களுடைய கால் பங்கு நம் கையில் அமானத்தாக இருக்கும். இதனால் உறவினர் சிலர் நம்முடன் பேசுவதில்லை. வாசகர்களே, உங்கள் இல்லத்துத் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் இருக்கும் பெயர்களைப் படித்தபின், இல்லாத பெயர்கள் யாருடையவை என்றும் கேளுங்கள்.