யாருடைய சந்தேகம்?

சட்டக் கல்லூரியில் முதல் வருசம் முடித்துச் சேரிக்கு வந்த பிள்ளையை ஆத்தா கேட்கும்: "அந்தச் சட்டம் நமக்குந்தானா?" இதை யோசிக்காமல் ரெண்டாம் வருசத்துக்குப் பெட்டி கட்டுவது நியாயமா?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசையோடு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், ஒருத்தருக்குக் கார்கூட உண்டு, அவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்றது தீர்ப்பு. சந்தேகத்தின் பலன் என்று பாடத்தில் வருகிறதே, அந்தச் சந்தேகம் யாருடையது? கூலிக்காரன் கண்ணைவிட மிராசுதாரின் கார் பெரிய சாட்சியாகிவிட்டது. (1872ஆம் வருசச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.)

ஆகவே படிப்பே வேண்டாம் என்கிற தோழர்களோடு எனக்குச் சண்டை. சாட்சி எந்த வரியில் நின்றது, சாதி எந்த வரியில் பேச ஆரம்பித்தது என்று அந்தத் தீர்ப்பில் கோடு போட்டுக் காட்ட நம்ம பிள்ளை வேண்டும். அதுக்கு ஒரு வருசப் படிப்பு காணாது.